கடைசி ஆளைக் கழி

ஸ்டோர் ரூம் விளக்கு அணையவில்லை.

வேறு வீடாக இருந்தால் இதை ஒரு சேதியாகவே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எவரோ சுவிட்சை அணைக்க மறந்திருப்பார், இன்னொருவர் முணுமுணுத்துக்கொண்டே போய் அணைப்பார், அத்தோடு சரி. ஆனால் இந்த வீட்டில் சுவிட்சைத் தொடும் பழக்கமே எல்லோருக்கும் விட்டுப்போயிருந்தது. அறைக்குள் காலெடுத்து வைத்தால் விளக்கு எரியும். வெளியே வந்தால் அணையும். இடைவழிச் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி தொங்கிக்கொண்டு, உடம்புச் சூட்டையும் மூச்சுச் சத்தத்தையும் வைத்து, வீட்டில் எத்தனை பேர் என்று இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கும். ஆளில்லாதபோது அடுப்பை அணைப்பது, கதவைப் பூட்டுவது, தீப்பிடித்தால் உள்ளே இத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்வது எல்லாம் அந்த எண்ணிக்கையை நம்பித்தான். லட்சோப லட்சம் வீடுகளில் அந்தப் பெட்டி தொங்குகிறது. அதற்கு எண்ணச் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் நிரலைப் பார்த்துக்கொள்வது பூதக்கண்ணாடியின் வேலை.

பூதக்கண்ணாடி என்பது அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர். அடுத்தவர் எழுதிய நிரலில் ஒரு புள்ளி தள்ளி விழுந்திருந்தால் போதும், எழுதியவர் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து விசாரணையை ஆரம்பிப்பாள். பெற்ற மகள் பல் தேய்த்துவிட்டேன் என்றால் பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். அவள் கடைக்குள் நுழைந்தால் தராசு முள் தானாகவே நேராக நிற்கும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவள் வீட்டில், பட்டப்பகலில், மழை இருட்டில், ஆளில்லாத அறையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். பழைய பெட்டிகள், தையல் துணி மூட்டைகள், கால் உடைந்த தொட்டில். மழை உள்ளே வரவில்லை. எந்தத் துணியும் நனையவில்லை. ஆனாலும் காயாத துணியைச் சுருட்டி மூடி வைத்ததுபோல ஒரு வாடை, தரையோடு தரையாக. வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவின் அடியில் வெளிச்சக் கோடு. பத்து மூச்சு விட்டுப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது.

இடைவழிப் பெட்டியைப் பார்த்தாள். நாலு என்றது.

வீட்டில் இருந்தது மூன்று பேர். அவள். முன்னறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் அவள் நாத்தனார். படுக்கையறையில் மதியத் தூக்கத்தில், கட்டிலுக்குக் குறுக்கே நீச்சலடித்தபடி, மகள் சுண்டு. வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். அவர் இப்போது எந்தக் கடலில் எந்த அலையில் வெங்காயம் நறுக்குகிறாரோ.

"நீதானா வேலையைக் காட்டுற?" என்றாள், லேப்டாப்பைப் பார்த்து.

முதல் சந்தேகம் அதன்மேல்தான். அன்று காலைதான் வீட்டுப் பெட்டியில் ஒரு பெரிய மாற்றம் செய்திருந்தாள். நிரலர்கள் லைப்ரரி என்று சொன்னால் அது புத்தகம் அடுக்கிய இடமல்ல. யாரோ ஒருவர் எழுதி முடித்துவைத்த வேலைத் துண்டு, மற்றவர்கள் அதைத் தங்கள் நிரலில் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். ஆட்களை எண்ணும் லைப்ரரியை வெகுகாலம் முன்னால் ஆபீஸிலிருந்த ஒருவர் எழுதினார். அவருக்கு இருந்த மீசையில் இரண்டு குருவிகள் குடும்பம் நடத்தலாம் என்பதால் அவர் பெயரும் மீசைதான். அவர் வேலையை விட்டுப் போனபிறகு அதைப் பழுது பார்க்க ஆளில்லை. இப்போது அதில் ஓட்டை விழுந்து, கொஞ்சம் விவரமான திருடன் மொட்டைமாடியில் காற்று வாங்கியபடியே ஊர்க் கதவையெல்லாம் திறந்துவிடலாம் என்ற நிலை. ஆகவே வெளியிலிருந்து ஒரு புது லைப்ரரி. இன்றே மாற்ற வேண்டும். ஆனால் வீடுகளில் தொங்கும் பழைய பெட்டிகள் எதைக் கேட்டாலும் பழைய பதிலே வர வேண்டும். ஒரு வீட்டில்கூட வித்தியாசம் தெரியக் கூடாது. சமையல்காரரை மாற்ற வேண்டும், சாப்பிடுகிறவர் நாக்குக்குத் தெரியக் கூடாது. அதுதான் வேலை.

பழைய லைப்ரரி இதுவரை அவள் வீட்டில் மூன்று என்றே சொல்லிவந்தது. புதியது நாலு என்கிறது.

இரண்டாவது சந்தேகம் வம்பு மேல். வம்பு அவளோடு இதே வேலையில் இருப்பவன். குறும்பு செய்யாத நாளில் அவனுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். போன் போட்டாள்.

"என் வீட்டுப் பெட்டியில என்னடா பண்ணி வச்சிருக்க?"

"அக்கா, நான் குளிச்சே ரெண்டு நாளாச்சு. உங்க வீட்டுப் பெட்டியில கை வைக்க எனக்கு ஏது நேரம்?"

"போன வாட்டி என் கம்ப்யூட்டரைத் தும்ம வச்சது யாரு?"

"அது கலை. இது வேலை. ரெண்டையும் நான் கலக்கிறதே இல்ல."

"உன் ரூம் பெட்டியில புது லைப்ரரியைப் போட்டுப் பாரு. எவ்வளவு காட்டுதுன்னு சொல்லு."

"நான் ஒருத்தன்தானே இருக்கேன், என்ன காட்டும்... இருங்க." விசைப்பலகைச் சத்தம். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "ரெண்டு. அக்கா, புது லைப்ரரி காலையிலேயே குடிச்சிருக்கு."

"கட்டிலுக்கு அடியில பார்த்தியா?"

"பார்க்கணுமா?"

"பாரு."

அவன் குனிவது, கட்டில் முனகுவது, எல்லாம் கேட்டது. "தூசிதான் இருக்கு," என்றான். வழக்கமாக அதற்குப்பின் ஒரு ஜோக் வரும். வரவில்லை. "நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். மழையானாலும் பரவாயில்ல."

லைப்ரரிதான் கூடுதலாக எண்ணுகிறதா? பூதக்கண்ணாடி பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடை, மொட்டைமாடிக்குப் போனாள். நாலு பக்கமும் மழை, தலைக்குமேல் வானம், சுவர் எதுவும் இல்லை. பெட்டி ஒன்று என்றது. சரியாக ஒன்று. அவள் அங்கே ஒரு சுற்றுச் சுற்றினாள், குதித்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ திரையை அவசரமாக இழுத்து மூடினார்கள். ஒன்றுதான். படியிறங்கி வீட்டு வாசல்படியைத் தாண்டினாள். நாலு.

லைப்ரரிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

அப்படியானால் யார்?

கப்பலில் இருப்பதாகச் சொல்லும் மனிதர் நிஜமாகவே கப்பலில்தான் இருக்கிறாரா என்றுகூட அவள் மனம் ஒரு நடை போய்வந்தது. நேற்று வந்த வீடியோவில் பின்னால் தெரிந்தது கடல்தான். ஆனால் கடலை யார் வேண்டுமானாலும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்தச் சந்தேகத்தை விட்டாள். ஸ்டோர் ரூமில் அவரை வைத்தால் குறட்டையில் தெருவே எழுந்துவிடும்.

மிச்சம் நாத்தனார். கொஞ்ச நாளாகவே அவர் அறையிலிருந்து ரகசியப் பேச்சு கேட்கிறது. பூதக்கண்ணாடி முன்னறைக்குப் போனாள். நாத்தனார் மூக்கு நுனியில் தையல் கண்ணாடியோடு ஊசியே உலகம் என்று குனிந்திருந்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் ஊசிமுனை மலைபோலத் தெரியும். ஒரு கை தூரத்தில் யானை நின்றாலும் சாம்பல் நிறத்தில் ஏதோ துணி என்பார். பக்கத்தில் சுண்டுவின் குட்டை ஸ்டூல் காலியாக இருந்தது. அதன்மேல் பட்டன் டப்பா.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேக்கறதுக்கு முன்னாடியே கோவந்தான். கேளு."

"வீட்டுல யாரையாவது தங்க வச்சிருக்கீங்களா?"

மெஷின் நின்றது. நாத்தனார் முகம் மெல்லச் சிவந்து, காதுவரைக்கும் போனது. "அந்தக் கண்ணாடிக்கடைக்காரரைப் பத்தித்தானே கேக்கற? யார் சொன்னா உனக்கு?"

"எந்தக் கண்ணாடிக்கடைக்காரர்?"

"போன்ல பேசிக்கறோம், அவ்வளவுதான். தம்பி கப்பல்லேர்ந்து வந்ததும் நானே சொல்லலாம்னு இருந்தேன். அதுக்காக வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சியா? ஒளிச்சு வைக்கிற சைஸா அந்த ஆளு? பீரோவுக்குள்ள நிறுத்தினா கதவு சாத்தாதும்மா!"

இன்னொரு நாளாக இருந்தால் பூதக்கண்ணாடி அந்தக் கண்ணாடிக்கடைக்காரரை மூன்று தலைமுறைக்கு விசாரித்திருப்பாள். இன்று, "நல்ல விஷயம் அண்ணி," என்று மட்டும் சொன்னாள். சந்தேகப்பட ஆள் தீர்ந்துவிட்டது.

மேஜைக்குத் திரும்பி, சோதனைக்காக ஆபீஸில் சேர்த்து வைத்திருக்கும் வீடுகளின் பதிவுகளைப் புது லைப்ரரிக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் ஒன்று கூடுதல். ஐந்து பேர் வீட்டில் ஆறு. இரண்டு பேர் வீட்டில் மூன்று. வாடகைக்கு விடாமல் பூட்டிக் கிடந்த வீடுகளும் அதில் இருந்தன. ஆளே குடிவராத புது வீடுகளும் இருந்தன.

அவற்றில் ஒன்று.

ஒவ்வொன்றிலும் ஒன்று.

மழைச் சத்தத்துக்கு நடுவே ஸ்டோர் ரூம் பக்கம் ஏதோ நகர்வதுபோல இருந்தது. காது கொடுத்தாள். மழைதான். மழையாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப்பிறகுதான் மீசையின் பழைய நிரலைத் திறந்தாள். மீசை வாய்திறந்தால் மூடாத மனிதர், நிரலிலும் அப்படித்தான். ஒரு கதவு திறக்கும் வரிக்கு மேலே ஒரு பத்தி விளக்கம் எழுதியிருப்பார், ஓரத்தில் தன் சளித் தொல்லையைப் பற்றியும் ஒரு குறிப்பு இருக்கும். அந்த மகா காவியத்துக்குள்ளே, கடைசியில், பதில் சொல்வதற்கு முந்தின வரி: வந்த வரிசையில் ஒன்றைக் கழி.

மேலே விளக்கமில்லை. கீழே விளக்கமில்லை. அந்த வரியைச் சுற்றி மட்டும் மீசை வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மீசையின் போன் நம்பர் கிடைப்பது கஷ்டமாக இல்லை. போனை எடுத்ததும் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன, மழை தகரத்தில் கொட்டியது.

"யாரு, பூதக்கண்ணாடியா? ஆச்சரியமா இருக்கே! நான் இப்ப வண்டி நிறுத்துற இடத்துல டோக்கன் கிழிக்கிறேன். ராத்திரி படுக்கையும் இங்கதான். மேல கூரை மட்டும், சுவர் கிடையாது. சுகமா இருக்கு."

"சார், ஒன்றைக் கழின்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க."

மீசை குரலைத் தாழ்த்தினார்.

"அதுல கை வச்சுட்டீங்களா?" என்றார்.

"லைப்ரரியே புதுசு சார். அது கழிக்கல. முழுசா எண்ணுது."

"எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. எங்க வீட்டுப் பெட்டியிலயும், கூட வேலை பாக்கற பையன் ரூம்லயும் மட்டும்தான்."

"உடனே கழிங்கம்மா. இன்னிக்கே. எண்ணாம விட்டா அது ஆறிப்போய் ஒரு மூலையில கிடக்கும். யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆள்னு எண்ண ஆரம்பிச்சா அதுக்குச் சூடு ஏறும்."

"எது சார்?"

"பேர் தெரிஞ்சா நான் ஏன் சுவரில்லாத இடத்துல படுக்கறேன்? கேளுங்க. வரிசையில கடைசி ஆளைக் கழிங்க. அது எப்பவும் கடைசியிலதான் நிக்கும்." யாரோ அவரைத் திட்டினார்கள், டோக்கன் கேட்டு. "வரேன் சார், வரேன். அம்மா, கழிச்சிடுங்க." வைத்துவிட்டார்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் வசதியான சந்தேகம். அதை எடுத்து வைத்துக்கொண்டாள். மூளை கலங்கினவரோ தெளிந்தவரோ, பழைய பதில் வர ஒன்றைக் கழித்தாக வேண்டும். வேலையும் அதையே கேட்கிறது. பழைய பெட்டிக்கும் புது லைப்ரரிக்கும் நடுவே நின்று இங்கே கேட்டு அங்கே மாற்றிச் சொல்லும் துபாஷிபோல ஒரு சின்ன நிரல் எழுதினாள். வெறும் எண்ணைக் குறைத்தால் போதாது. எந்த அறையில் யாருக்கு விளக்கு என்பதும் சரியாக வர வேண்டும். ஆகவே மீசை சொன்னபடியே சொல்லுக்குச் சொல் எழுதினாள்: எண்ணிய ஆட்களின் வரிசையில் கடைசி ஆளைக் கழி.

சோதனைகள் எல்லாம் பச்சை காட்டித் தேறின. ஐந்து பேர் வீட்டில் ஐந்து. பூட்டிய வீட்டில் பூஜ்யம். இடைவழியில் பெட்டி மூன்று என்றது. ஸ்டோர் ரூம் கதவடியிலிருந்த வெளிச்சக் கோடு, யாரோ விரலால் வழித்தெடுத்ததுபோல, போய்விட்டது. படுக்கையறைக் கதவடியில் ஒரு கோடு வந்தது; சுண்டு புரண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

வம்புவிடம் சொல்லி எல்லா வீடுகளுக்கும் அனுப்பச் சொன்னாள். அவன் அனுப்பினான். லட்சோப லட்சம் சுவர்களில் சோப்பு டப்பாக்கள் ஒரு கணம் கண் சிமிட்டி, புது லைப்ரரியைப் பொருத்திக்கொண்டு, பழைய பதிலையே சொல்ல ஆரம்பித்தன. ஒரு வீட்டுக்கும் தெரியவில்லை. அவளுக்கு உடம்பு லேசானது.

சாயங்காலம் சுண்டு எழுந்தாள். சுண்டு எழுந்தால் வீட்டில் பத்துப் பேர் எழுந்த மாதிரி. இடைவழியில் அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு: இருட்டில் ஒரு கோடியில் நின்று, கையை நீட்டி, ராஜா சேவகனைக் கூப்பிடுவதுபோல "வா!" என்பாள், ஒரு எட்டு வைப்பாள், விளக்கு வரும். தன் சொல்லுக்குத்தான் வருகிறது என்று அவள் நம்பிக்கை. அதை யாரும் கலைத்ததில்லை, அவள் அம்மாகூட.

"வா!" என்று இடைவழியில் குரல் கேட்டது.

மேஜையில் இருந்தபடியே பூதக்கண்ணாடி புன்னகைத்தாள்.

"வா!" கொஞ்சம் சத்தமாக. பிறகு, "வா வா வா!"

பிறகு காலடிகள். பிறகு, "அம்மா, லைட்டு என்கூடப் பேச மாட்டேங்குது."

எழுந்து இடைவழிக்குப் போனாள். அவள் கால் பட்டதும் விளக்கு வந்தது. நடுவில் சுண்டு, உதட்டைப் பிதுக்கியபடி, தூங்கிய கன்னத்தில் தலையணைத் தையலின் அச்சோடு.

"இதோ வருதே."

"உனக்கு வருது. எனக்கு வரல."

பூதக்கண்ணாடி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். விளக்கு அணைந்தது.

இருட்டில் மகள் மூச்சுவிடுவது கேட்டது.

"மறுபடி சொல்லு."

"வா," என்றது இருட்டு. காலடி, காலடி, காலடி. வெளிச்சமில்லை. பெட்டியில் மட்டும் சின்னப் பச்சை எழுத்து. மூன்று.

மேஜைக்கு ஓடினாள். புது லைப்ரரியின் விளக்கக் குறிப்பைத் திறந்தாள். பக்கத்திலேயே மீசையின் காவியத்தையும் திறந்தாள். காலையிலிருந்து இந்த உலகத்தில் எதையெல்லாம் சந்தேகப்பட்டாள். வம்புவை. நாத்தனாரை. கடலை. ஒரு சொல்லை மட்டும் சந்தேகப்படவில்லை. கடைசி. எந்த வரிசையில் கடைசி?

மீசையின் வரிசை: சூடு அதிகமுள்ளவர் முதலில். ஆறிப்போனவர் கடைசியில்.

புதிய வரிசை: வீட்டில் அதிக காலம் இருப்பவர் முதலில். புதிதாக வந்தவர் கடைசியில்.

அதிக காலம். சுவர் எழுந்த நாளிலிருந்து இருப்பது முதலில். அடுத்து நாத்தனார். அடுத்து கல்யாணமாகி வந்த அவள். கடைசியில், இந்த வீட்டுக்கு எல்லோருக்கும் பிறகு, துணியில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட ஆள்.

எண்ணிக்கை மூன்றுதான். எல்லா வீட்டிலும் எண்ணிக்கை சரிதான்.

முழங்காலில் ஒரு கை பட்டது. சில்லென்று.

"குளிருதும்மா," என்றாள் சுண்டு.

வாரி எடுத்தாள். ஜன்னல் கம்பியைத் தொட்டது மாதிரி இருந்தது பிள்ளையின் கழுத்து. கன்னத்திலிருந்த தையல் அச்சு இன்னும் மறையவில்லை. அதன் சிவப்பு மட்டும் போய்விட்டிருந்தது. மூச்சு இருந்தது. மெல்ல. முடியிலிருந்து ஒரு வாடை. சோப்பு இல்லை, பால் இல்லை. காயாத துணி.

இறுக்கிக்கொண்டாள். தேய்த்தாள். கைகளை, கால்களை, முதுகை. சூடு அவளிடமிருந்து போனது. எங்கேயும் சேரவில்லை.

பின்னால் ஸ்டோர் ரூம் கதவடியில் வெளிச்சக் கோடு வந்தது.

அணைந்தது.

இடைவழி விளக்கு எரிந்தது. அதனடியில் யாருமில்லை. வெளிச்சம் மட்டும், யாரோ நடக்கிற வேகத்தில், முன்னறைப் பக்கம் போனது.

தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. நின்றது.

"எங்கடி போன இவ்வளவு நேரம்?" என்றார் நாத்தனார் முன்னறையில். "தூங்கு மூஞ்சி. உக்காரு. அந்தப் பச்சை பட்டனை எடு."

டப்பா குலுங்கியது.

"வாயில வைக்காதடி!"

சிரிப்பு. சுண்டுவின் சிரிப்பு. எப்போதும் அவள் சிரிப்பு முடிகிற அந்த விக்கலோடு, அப்படியே.

கையிலிருந்த சுண்டு தலையைத் தூக்கினாள். "அம்மா, அங்க யாரு?"

அண்ணி என்று கத்த வாயைத் திறந்தாள். மேஜைமேல் போன் அலறியது. வம்பு. ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, ஏதோ தப்பாயிடுச்சு. ஊர்ப்பட்ட புகார் வருது. பசங்க இருக்கிற வீட்டுலயெல்லாம் கடைக்குட்டிக்கு மட்டும் லைட்டு எரியலையாம். ஒரு அம்மா போன்ல அழறாங்க, பிள்ளைக்கு உடம்பெல்லாம் சில்லுனு..."

"வரிசைடா. வரிசை தப்பு. என்னால இப்பவே மாத்த முடியும், நீ..."

"நீங்க பதறாதீங்க. நான் பழைய லைப்ரரியையே திருப்பிப் போட்டுடறேன். நான் இன்னும் ரூமுக்கே போகல, டீக்கடையிலேர்ந்தே ஒரு தட்டு தட்டினாப் போதும்."

பழையது. மீசையுடையது. சூடு அதிகமுள்ளவர் முதலில்.

ஆறிப்போனவர் கடைசியில்.

முன்னறையில் நாத்தனார், "அப்பா, கை என்னடி இப்படிக் கொதிக்குது!" என்றார்.

பூதக்கண்ணாடி தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். இந்த வீட்டிலேயே அதிகம் சில்லிட்டிருப்பதைப் பார்த்தாள்.

"வேண்டாம்டா! போடாத! போடாத!"

"போட்டுட்டேன்கா," என்றான் வம்பு, பெருமூச்சோடு. "இனிமே எல்லாம் முன்ன மாதிரியே."

பெட்டி ஒருமுறை கண் சிமிட்டியது.

கனம் குறைந்தது. படிப்படியாகக்கூட இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த பிடி இருந்தது. இல்லை. தோளில் பட்ட மூச்சு இருந்தது. இல்லை. ஸ்டோர் ரூமுக்குள், கால் உடைந்த தொட்டில் பக்கம், ரொம்ப மெல்லிய குரலில் ஒரு "வா" கேட்டது. வெளிச்சம் வரவில்லை.

அவள் நகரவில்லை. கைகள் பிள்ளையைத் தாங்கிய வளைவிலேயே நின்றன.

முன்னறையில் ஸ்டூல் நகர்ந்தது. "அம்மாகிட்டயா போற? போ, போ," என்றார் நாத்தனார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலடி. இடைவழி விளக்கு வந்தது. காலடி.

அறை வாசலில், முழு வெளிச்சத்தில், அது வந்து நின்றது. சுண்டுவின் கவுன். சுண்டுவின் குட்டைக் கால்கள். பல்லிடுக்கில் பச்சைப் பட்டன். முகம் மட்டும் இன்னும் பாதிதான் வந்திருந்தது.

இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.

"தூக்கு," என்றது.

பெட்டியில் மூன்று.